கலைச்சொல் வேண்டும்: 'நியூட்ரல் கட்' – நொதுமலா, மீள்கம்பியா, நடுக்கம்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

பகலில் பட்டறை வேலை, மாலையில் வீடுகளுக்குப் போய் வயரிங் பழுது பார்ப்பது பக்கவேலை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களுக்காகச் சின்னதாக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷார்ட்டுக்குக் குறுக்குச்சுற்று, லீக்கேஜுக்கு மின்கசிவு என்று சுலபமாகத்தான் போனது. 'நியூட்ரல் கட்', அதாவது ஃபேஸ் கம்பியில் வரும் மின்சாரம் திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பி தொடர்பு விட்டுப்போவது, வந்ததும் பேனா நின்றுவிட்டது.

போன வாரம் பார்த்த வீட்டைச் சொல்கிறேன். மும்முனை இணைப்பு. ஹீட்டரைப் போட்டால் அடுத்த அறை விளக்கு பளீரென்று எரிகிறது, ஃபேன் பறக்கிறது. ஹீட்டர் மட்டும் சூடாவதே இல்லை. முன்னால் வந்தவர் ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மெயின் பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் திருகு தளர்ந்து, கம்பி முனை கருகிக் கிடக்கிறது.

நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் (மும்முனையில் ஒரு முனை) உள்ள சாமானும் இன்னொரு ஃபேஸில் உள்ளதும் தொடராக மாட்டிக்கொண்டு 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் 1000 வாட் ஹீட்டர், மறுபக்கம் 100 வாட் குண்டு பல்பு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி ஹீட்டருக்கு ஏறத்தாழ 36 வோல்ட், பல்புக்கு 364. மின்னோட்டம் கூடிவிடாததால் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்) விழாது. கசிவு இல்லாததால் ஆர்சிசிபியும் (மின்கசிவு இருந்தால் விழும் ஸ்விட்ச்) விழாது. டிவி புகைந்தபிறகுதான் தெரியும்.

இதற்கு 'மிதக்கும் நொதுமல்' என்று ஒரு நண்பர் சொன்னார். நொதுமல் நல்ல பழஞ்சொல். அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வரும் அயலார் நொதுமலர். நட்பும் இல்லை, பகையும் இல்லை என்ற நிலை. ஆனால் அறுந்த நியூட்ரல் பகையேதான்! ஸ்விட்ச் போட்டிருந்தால் பல்பு வழியாகவே வந்து, தொட்டவனை அடிக்கும். 'மிதக்கும்' என்றாலோ ஏதோ தெப்பம் போல இருக்கிறது. பிளக் பாயின்ட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நாங்கள் 'ரிட்டர்ன் வருது' என்போம். அதை வைத்து நியூட்ரலுக்கு 'மீள்கம்பி', பழுதுக்கு 'மீள்கம்பி அறுவு' என்று வைக்கலாமா?

---

மறுமொழி:

> நியூட்ரலுக்கு 'மீள்கம்பி'

ஒருமுனைக்குச் சரி அண்ணா, மும்முனையில் இடிக்கிறது. மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு ஹீட்டர் சுமை இருந்தால் அந்தக் கம்பியில் மின்னோட்டமே ஓடாது. எது மீள்கிறது? மின்மாற்றியின் மூன்று சுருள்களும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து வருவதால் 'நடுக்கம்பி' பொருந்தும். அப்புறம் 'அறுவு' என்றதும் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. திருகு தளர்ந்ததையும் அறுந்தது என்று சொல்வோமா?

---

மறுமொழி:

சரி, மீள்கம்பியை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் வருத்தம்தான், மூன்று நாளாக அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்வியில் இன்னொன்று தெளிவாகிறது. நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம், பழுதில் இருப்பதோ இரண்டு சங்கதி. கம்பி விட்டுப்போவது ஒன்று, அதனால் வோல்டேஜ் தாறுமாறாவது மற்றொன்று. ஒருமுனை வீட்டுக்குள்ளேயே விட்டுப்போனால் அந்த வரிசையில் எல்லாம் செத்துக் கிடக்கும், எதுவும் எரிந்துபோகாது. பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கட்டை போட்டு வைத்திருப்பார்களே, அது போனாலும் இதே கதைதான். மும்முனைக்கான பொது நியூட்ரல் விட்டுப்போனால்தான் ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் ஏறும். முதலாவதில் நிதானமாகத் தேடலாம். இரண்டாவதில் முதல் வேலை மெயினை அணைப்பது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் பையன் குழம்புவான்.

ஆகவே இப்படி எழுதப்போகிறேன்:

நடுக்கம்பி விடுபாடு – நியூட்ரல் அறுந்தோ தளர்ந்தோ கருகியோ தொடர்பு இழப்பது. ('விட்டுப்போச்சு' என்று நாங்கள் சொல்வதிலிருந்து எடுத்தது. ஆஸ்பத்திரி வாடை இல்லை.)

நடுப்பிறழ்வு – விடுபாட்டால் மும்முனையின் நடுப்புள்ளி இடம் பெயர்ந்து, ஒரு ஃபேஸில் உள்ள சாமான்களுக்கு மின்னழுத்தம் ஏறி, இன்னொன்றில் உள்ளவற்றுக்கு இறங்குவது.

'ரிட்டர்ன் வருது' என்பதற்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிவதோடு, மீட்டரில் நடுக்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுமே, அந்த நிலைக்கு ஒரு சொல் சொல்லுங்கள். அதுவரை கையேட்டில் 'ரிட்டர்ன்' என்றே இருக்கட்டும்.