வீல் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கோத்தகிரி வாசகர்:
வணக்கம். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய போல்ட்டுகளை, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தபோது, ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் என்னால் அசைக்க முடியவில்லை. மழையில் குழந்தைகளுடன் ஒரு மணி நேரம் நின்றோம். சரியான இறுக்கம் எவ்வளவு? மரையில் எண்ணெய் தடவலாமா?

குன்னூர் வாசகர்:
எண்ணெய் வேண்டாம் ஐயா. உராய்வு குறைந்துவிடுவதால், அதே அளவுக்கு இறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபட்டு, நாளடைவில் முறியக்கூடும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தாலே போதும். சிறிய கார்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் திருப்புவிசையின் அலகு) வரை சொல்வார்கள். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்பது, 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 40 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம். ஏறி மிதித்து இறுக்கினால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். டார்க் ரெஞ்ச் (நாம் வைத்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று ஒலிக்கும் ஸ்பேனர்) ஒன்று வாங்கிவிடுங்கள். 'டக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னொரு முறை அழுத்தக் கூடாது.

உதகை வாசகர்:
எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி, முதலில் பாதியளவும், ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பின் முழு அளவும் இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள். ஆனால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிய கையோடு பார்க்காதீர்கள். பிரேக் சூட்டில் அளவு மாறிக் காட்டும், சக்கரம் ஆறட்டும்.

கோத்தகிரி வாசகர்:
மிக்க நன்றி. கையேட்டைப் பார்த்துவிட்டேன்: 85 என்றிருக்கிறது. நான்கு சக்கரங்களையும் நாளைக் காலையில் தளர்த்தி, முறையாக இறுக்குகிறேன்.