பொருள்: விதைத்தோல் நிறத்துக்கு ஒரு சொல் – "தாய்வழி நிறம்" சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரியில் பிராட் பீன்ஸ் (Vicia faba, நம் அவரை அல்ல) விதை எடுப்போருக்கான கையேட்டில் ஓரிடம் இடிக்கிறது. ஊதா விதை ரகமும் பச்சை விதை ரகமும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்றால் தேனீ மகரந்தத்தை மாற்றிவிடும். ஆனால் காயை உரித்தால் ஊதாச் செடியில் எல்லாம் ஊதா, பச்சைச் செடியில் எல்லாம் பச்சை. விதைத்தோல் சூலுறையிலிருந்து (விதையாகப் போகும் சூலைச் சுற்றியுள்ள உறை) வருவது, முழுக்கத் தாய்ச்செடியின் திசு. அந்த விதையை நட்டு, அது காய்த்த பிறகுதான் கலப்பு வெளிப்படும். இதைத் "தாய்வழி நிறம்" எனலாமா?

> தாய்வழி நிறம்

வேண்டாம் ஐயா. "தாய்வழி மரபு" என்பது பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா என்னும் செல் உறுப்புகள் வழியாக வருவதற்கு வழங்குகிறது. அங்கே மகரந்தம் தந்த செடிக்கு எந்தத் தலைமுறையிலும் பங்கில்லை. இங்கே பங்கு உண்டு, ஒரு தலைமுறை தள்ளித் தெரிகிறது. "தாயுறை நிறம்" என்று வையுங்கள். உள்ளிருக்கும் பருப்புக்கு "விதையிலை நிறம்" போதும். அதில் கலப்பு அந்தப் பருவத்திலேயே தெரியக்கூடும்.

தாயுறைக்காகக் காத்திராமல் பூவிலேயே கலவனை (கலந்து பிறந்த செடியை) பிடிக்கலாம் என்பதையும் சேருங்கள். புள்ளியில்லா வெள்ளைப் பூ ரகத்தில் சிறகல்லியில் (பூவின் இரு பக்க இதழில்) கரும்புள்ளி கண்டால் உடனே செடியைப் பிடுங்க வேண்டும். பூ அடியிலிருந்து மேலாக விரியும். ஆகவே தாமதமாகக் கண்டால், சுற்றியுள்ள செடிகளில் அதுவரை பிடித்த அடிக்காய்களைக் கறிக்கு விடுங்கள், விதைக்கு வேண்டாம். வெள்ளைக்குக் காரணமான ஒடுங்கு மரபணுக்கள் (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை) இரண்டு: இசட்டி-1, இசட்டி-2. இசட்டி-1 வெள்ளையும் இசட்டி-2 வெள்ளையும் கலந்தால் அடுத்த தலைமுறையில் கரும்புள்ளி திரும்பிவிடும். வெள்ளையும் வெள்ளையும்தானே என்று இரண்டையும் சேர்த்து நடக் கூடாது.

கலப்பைத் தடுக்க வலை கட்டினால் தேனீ வராது, பல ரகங்களில் காய்ப்பும் குறையும். அதனால் தேனீக்குப் பதிலாக நாமே சிறகல்லியையும் படகல்லியையும் (அடியில் படகுபோல் இணைந்த இதழ்கள்) விரலால் கீழே அழுத்தி, சூல்முடி (மகரந்தம் ஏற்கும் நுனி) வெளியே எட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

> தாயுறை நிறம்

அம்மா சொன்ன காரணம் சரி, ஏற்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கை: டானின் (துவர்ப்புப் பொருள்) உள்ள பச்சை விதை நாள்பட்டால் பழுப்பாகும். அது கலப்பல்ல. காய்ந்த உடனே நிறத்தைக் குறித்து, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

சென்னைச் சூட்டில் பிராட் பீன்ஸ் பூ உதிர்ந்துவிடும். இங்கே கடையில் அந்தப் பெயரில் விற்பது நம் அவரைக்காய்தான். அவரைக்கும் விதைத்தோல் தாயுடையதே, அதனால் இந்தச் சொல் அப்படியே பொருந்தும். ஆடியில் வெள்ளைப் பூ அவரை போடுகிறவர்கள், ஊதாப் பூ விட்ட கொடியை விதைக்கு நிறுத்த வேண்டாம்.