கல் பதிக்கிற வேலைக்குக் குட்டி யானை எடுக்கலாமா?

பள்ளத்தூர் கல்பதிப்பு

அண்ணன்மாருக்கு வணக்கம். எனக்கு 24 வயது. வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் (டைல்) பதிக்கிற வேலை. மாமாவிடம் தொழில் பழகிவிட்டு, தை மாதத்திலிருந்து தனியாக வேலை பிடித்துச் செய்கிறேன். கூட ஒரு கையாள், கலவை போட ஒரு அக்கா. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோத்தமங்கலம் என்று பக்கத்திலேயே இருந்தது. இப்போது தேவகோட்டையிலும் கூப்பிடுகிறார்கள்.

இதுவரை டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் பிழைப்பு ஓடுகிறது. கட்டர் மெஷின், ரசமட்டம், கரண்டி, பாண்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி முன்னால் வைத்துவிடலாம். எட்டடி அலுமினிய மட்டப்பலகையை என்ன செய்வது? கையாள் அதைத் தோளில் பிடித்தபடி பின்னால் உட்காருகிறான். பஸ்ஸுக்கு ஒதுங்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது.

கையில் ஒன்றே கால் லட்சம் இருக்கிறது. காரைக்குடியில் ஒரு புரோக்கர் 2015 மாடல் குட்டி யானை (டாடா ஏஸ்) காட்டினார். இரண்டரை லட்சம் சொல்கிறார். பாக்கிக்கு அவரே ஃபைனான்ஸ் போட்டுத் தருவாராம். 15 சதவீத வட்டி, மூன்று வருடம். வண்டி இருந்தால் கல்லையும் நாமே ஏற்றிப் போகலாம், அந்த வாடகையும் நமக்குத்தானே என்று நினைக்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

புதுவயல் லோடு

எடு தம்பி, யோசிக்காதே. வேலை இல்லாத நாளில் வண்டி சும்மா நிற்காது. எங்கள் ஊர் அரிசி மில்லுக்கு வந்து நின்றால் ஏதாவது ஒரு நடை கிடைக்கும். லைசென்ஸ் பற்றியும் பயம் வேண்டாம், கார் ஓட்டுகிற எல்எம்வி போதும். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், 2024-இல் அரசியல் சாசன அமர்வும் அதையே சொல்லிவிட்டது. மொத்த எடை மூன்று டன்னுக்குள் இருப்பதால் பெர்மிட்டும் தேவையில்லை.

கண்டனூர் வயர்மேன்

புதுவயல் அண்ணன் சொல்வது லோடு அடிக்கிறவருக்குச் சரி. தம்பி கல் பதிக்கிறவர். இரண்டும் வேறு தொழில். காலையில் மில்லில் போய் நின்றால் கானாடுகாத்தானில் கலவையை யார் போடுவது?

முதலில் கல் கணக்கைப் பார்ப்போம். முக்கால் அங்குலக் கனத்துக்கு ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்கு நாலு கிலோ வரும். குட்டி யானைக்குக் கம்பெனி சொல்கிற பாரம் முக்கால் டன். ஒரு நடைக்கு 180 சதுர அடி, அவ்வளவுதான். 600 சதுர அடிப் பட்டாலைக்கு நாலு நடை அடிக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும், டயர் தேயும்.

அதைவிடப் பெரிய விஷயம் உடைசல். கல் செய்கிற பட்டறைக்காரர் அனுப்பினால் வைக்கோல் போட்டு, கல்லை நிறுத்திவைத்து அடுக்கி அனுப்புவார். வழியில் உடைந்தால் அவர் பாடு. நீ ஏற்றினால் உன் பாடு. வேறு கல் வாங்கி வைத்துவிடலாம் என்றும் இருக்க முடியாது. கையால் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிச் செய்கிற கல், அடுத்த தடவை போடும்போது அந்தப் பச்சை வேறு பச்சையாக வரும். வீட்டுக்கார ஆச்சி முகப்பில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார்கள். இத்தனை தலைவலிக்கும் சேர்த்துத்தான் அந்த நடைக்கூலி. அது பட்டறைக்காரருக்கே போகட்டும்.

அப்புறம் ஆட்கள். குட்டி யானையில் முன்னால் இரண்டு பேர்தான். அந்த அக்காவை எங்கே உட்கார வைப்பாய்? பின்பாடியில்தானே? எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், தெரியும். ஒரு குழியில் தூக்கிப் போட்டு ஆள் விழுந்தால், சரக்கு வண்டியின் பின்னால் இருந்தவருக்கு இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். வழக்கும் உன் மேல், நஷ்ட ஈடும் உன் மேல். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ராத்திரி இன்னொரு தொல்லை. திறந்த வண்டியில் கட்டர் மெஷினை விட்டுவிட்டுத் தூங்க முடியுமா? தினமும் இறக்கி, காலையில் ஏற்ற வேண்டும்.

உனக்கு வேண்டியது பூட்டுகிற வண்டி. ஐந்து சீட் மாருதி ஈகோ வேன், ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு), பெட்ரோல். அதே பணத்துக்குப் பழையது கிடைக்கும். மூன்று பேர் உட்காரலாம், சாமான் பின்னால். மட்டப்பலகையை முன் இரண்டு சீட்டுக்கும் நடுவே நீட்டிவிடு. ஓன் போர்டில் சொந்தச் சாமான் கொண்டுபோகலாம், வாடகைக்கு லோடு மட்டும் அடிக்கக் கூடாது. குட்டி யானை மாதிரி மஞ்சள் போர்டு என்றால் எட்டு வருடம் தாண்டியதும் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், 2015 மாடலுக்கு அந்தச் செலவு எப்போதோ ஆரம்பமாகிவிட்டது. புரோக்கர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஃபைனான்ஸ் விஷயம். 15 சதவீதம் என்று அவர் சொல்வது ஃப்ளாட் வட்டியாகத்தான் இருக்கும். ஒன்றே கால் லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 56,250 ரூபாய் வட்டி, மாத டியூ ஐயாயிரத்துச் சொச்சம். நீ அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் ஓடும். பேங்க் கணக்கில் பார்த்தால் அது 26 சதவீதம். டியூ மாதாமாதம் வந்துவிடும், உன் வருமானம் அப்படி வராது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு குடிபோக மாட்டார்கள். வேலை முடித்தாலும் வீட்டுக்காரர் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம். பேங்கில் நகைக்கடன் வைத்தால்கூட இதில் பாதி வட்டி ஆகாது. வேண்டாம் என்கிற அம்மாவிடம் நகை கேட்பது உன் சாமர்த்தியம். இல்லாவிட்டால் பேங்கில் முத்ரா தொழில் கடன் கேட்டுப் பார்: 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, ஈடு கேட்கக் கூடாது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஒன்று போட்டு வைத்துக்கொள். அது இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதே.

பள்ளத்தூர் கல்பதிப்பு

அண்ணே, புரோக்கரிடம் போன் போட்டுக் கேட்டேன். ஃப்ளாட்தானாம். எஃப்.சி. அடுத்த மாதம் முடிகிறது என்பதும் இப்போதுதான் வாயிலிருந்து வருகிறது. விட்டுவிட்டேன். அம்மா நகைக்கு இன்னும் பிடி கொடுக்கவில்லை.

திருப்பத்தூர் பக்கம் ஒரு ஈகோ இருப்பதாகக் கையாள் சொல்கிறான். 2018, கேஸ் வண்டி, ஃபைனான்ஸ் முடிந்துவிட்டதாம். கேஸ் என்றால் செலவு குறையும்தானே?

கண்டனூர் வயர்மேன்

குறையும். ஆனால் சிலிண்டர் பின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், உன் சாமான் வைக்கிற இடம் அதுதான். போகும்போது பாண்டையும் மெஷினையும் எடுத்துப் போய் வைத்தே பார்த்துவிடு. சிஎன்ஜி சிலிண்டர் என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ண வேண்டும், கடைசித் தேதி என்ன என்று கேள். ஃபைனான்ஸ் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, ஆர்சியில் ஹெச்பி (வண்டி மேல் கடன் இருப்பதாகப் போட்ட பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா, ஃபைன் பாக்கி இருக்கிறதா பார். ஆகாமல் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் 35-ஆம் நம்பர் படிவமும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. வாங்கினால் பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் போட்டுவிடு, இன்சூரன்ஸை 14 நாளுக்குள்.

புதுவயல் லோடு

கல் ஏற்ற வண்டி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு தம்பி. வைக்கோல் என் செலவு, உடைந்தால் மட்டும் பேசிக்கொள்வோம்.