மணலுக்குத் தனிப் பணம் உண்டா?

குழு: ஆற்றங்கரை வீட்டார்
5 டிசம்பர் 2024

சித்தப்பா: நாளைக் காலை வி.ஏ.ஓ.வும் அக்ரி ஆபீசரும் நம் பக்கம் வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க வருகிறார்களாம். சிட்டா, அடங்கல் (யார் என்ன பயிர் வைத்தார் என்ற பதிவு), ஆதார், பாஸ்புக் நகல் வேண்டும். பட்டா யாரிடம் இருக்கிறது?

அத்தை: என் பீரோவில்தான். தேடி போட்டோ அனுப்புகிறேன். பயிர் எப்படிடா இருக்கு?

சித்தப்பா: 📷
மேட்டுக்கொல்லை உளுந்து அழுகிவிட்டது. ஆற்றோர நெல் தொண்டைக் கதிராக இருந்தது அக்கா. இப்போது மணலுக்கு மேலே தாள் நுனி மட்டும்தான் தெரிகிறது.

பெரியம்மா: சாத்தனூர் அணையில் அன்று நள்ளிரவில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்களே, விடிவதற்குள் கொல்லையே ஆறாகிவிட்டது.

நான்: 3ஆம் தேதி அரசு நிவாரண அறிவிப்புப்படி பாசனம் உள்ள இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும்.

பெங்களூரு அண்ணன்: ஹெக்டேர் என்றால் சுமார் 2.47 ஏக்கர். அப்போ நெல்லுக்கு ஏக்கருக்கு 6,880 சொச்சம்தான் வரும்.

சித்தப்பா: உழவுக்கும் நடவுக்கும் கொடுத்ததற்கே காணாது தம்பி.

பெங்களூரு அண்ணன்: இன்சூரன்ஸ்?

சித்தப்பா: கட்டியிருக்கிறேன். அது இதில் சேராது. அறுவடைப் பரிசோதனை வைத்து மகசூல் பார்த்து, அப்புறம்தான் முடிவாகும்.

மாமா: மச்சான், வயலில் மணல் எவ்வளவு நிற்கிறது? மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் அதை அகற்ற, பேரிடர் நிதி விதியில் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 தனியாக உண்டு. ஸ்கேலை நட்டு போட்டோ எடுத்து வை. நீயே வாய் திறந்து கேள், கேட்காமல் யாரும் எழுதமாட்டார்கள். நான் ரெவின்யூவில் இருந்தவன், சொல்கிறேன்.

சித்தப்பா: முழங்கால் அளவுக்கு இருக்கு மாமா. ஸ்கேல் பத்தாது, மண்வெட்டிக் காம்பை நடுகிறேன்.

பெரியம்மா: ஆடு இரண்டு போச்சே, அதற்கு?

நான்: ஒன்றுக்கு 4,000 பெரியம்மா.

பெரியம்மா: மாட்டு டாக்டர் செத்த ஆட்டைக் காட்டச் சொல்கிறார். அதுதான் தண்ணியோடு போயிடுச்சே, எங்கே போய்க் காட்ட?

மாமா: வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டார் இருவரை சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சித்தப்பா: இன்னொன்று. பட்டா கூட்டுப் பட்டா. அக்கா, அண்ணன், நான், மூன்று பேர். யாருடைய பாஸ்புக்கைக் கொடுப்பது?

அத்தை: பயிர் வைத்தவன் நீ. உன்னுடையதைக் கொடு.

மாமா: அடங்கலில் இவன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் மற்ற இருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

பெரியப்பா: என்னை யாரும் கேட்கவே இல்லையே.

அத்தை: இப்போது கேட்கிறோம் தம்பி.

பெரியப்பா: கையெழுத்துப் போடுகிறேன். மணல் அள்ளுகிற செலவுக்கு என்னிடம் வராதீர்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா: சரி அண்ணா. நம்முடையது பரவாயில்லை. நான் குத்தகை வாரத்துக்கு ஓட்டும் புதுச்சேரிக்காரர் ஏக்கருக்குத்தான் வழி தெரியவில்லை. சம்மதம் எழுதிக் கேட்டால், "எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நிலமே உன்னுடையது என்பாய்" என்கிறார்.

மாமா: குத்தகைப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்தது. பதிந்துவிட்டால் குத்தகைக்காரனை நிலத்திலிருந்து எளிதில் எழுப்ப முடியாது என்று அன்றிலிருந்தே எல்லா நிலக்காரருக்கும் பயம். 'இந்தச் சம்பா நிவாரணத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுப் பார்.

சித்தப்பா: போனை எடுக்கமாட்டேன் என்கிறார்.

அத்தை: நம்பரை அனுப்பு. நான் பேசுகிறேன், அவர் வீட்டம்மா என்னோடு படித்தவள்.

அத்தை: 📷 பட்டா

பெங்களூரு அண்ணன்: புல எண்ணே தெரியவில்லை அத்தை. ஃப்ளாஷ் போடாமல் இன்னொன்று எடுங்கள்.

சித்தப்பா: பத்து மணிக்குள் அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் ஜெனரேட்டர் அதுவரைதான் ஓடும்.