தன்னார்வப் பணிக்கு விடுப்பு: விதிமுறை எழுத உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஊழியர்கள் தன்னார்வப் பணிக்குப் போக ஊதியத்துடன் விடுப்பு தரலாம் என்று எங்கள் நிர்வாகம் சம்மதித்துவிட்டது. விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் இப்படி ஆண்டுக்கு 7 நாள் தருகிறது. காலணி நிறுவனமான டிம்பர்லேண்ட் 1992-லேயே இதைத் தொடங்கிவிட்டது. மைக்ரோசாஃப்டில், ஊழியர் செலவிடும் நேரத்துக்கு ஈடாகத் தொண்டு அமைப்புக்குப் பணமும் போகிறது. நாங்கள் சிறிய நிறுவனம். 2 நாளில் தொடங்கலாம் என்று எண்ணம்.

சிக்கல் நாள் கணக்கில் இல்லை. ஷிஃப்டில் இருப்பவர்கள், வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவர்கள் எப்படிப் போவார்கள்? "இந்த வாரம் வேண்டாமே" என்று மேலாளர் தள்ளிக்கொண்டே போனால் விடுப்பு காகிதத்தோடு நின்றுவிடும். அப்புறம், கூட்டமாகப் போய் ஒரே பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு தொண்டு அமைப்பின் வரவு செலவைச் சரிபார்த்துக் கொடுத்தால் அவர்களுக்கு எவ்வளவோ உபயோகம் (படம்தான் நன்றாக வராது!).

உங்கள் அலுவலகத்தில் இது நடைமுறையில் இருக்கிறதா? ஷிஃப்ட் ஆட்களுக்கு என்ன ஏற்பாடு? சான்றாக எதைக் கேட்கிறீர்கள்? விடுமுறை நாளில் பணி செய்தவருக்கு ஈடு விடுப்பு உண்டா? விண்ணப்பப் படிவம் கைவசம் இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.