ஐஸ் கட்டி கேட்ட வாழ்த்து அட்டை

மண்டபம் ஆசிரியை:
1999 ஜூன், பள்ளி திறந்த வாரம். கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராமேஸ்வரத்தில் பிறந்த மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக் மலையில் உயிர்நீத்திருந்தார். அவர் உடல்கூட இன்னும் கீழே வந்து சேரவில்லை. எங்கள் கரையில் அதைப் பேசாத திண்ணை இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வீரர்களுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொன்னேன். ‘வீர வணக்கம், வெற்றி நமதே’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் பார்த்து எழுதினார்கள், ஒருவனைத் தவிர. அவன் ஒரு வல்லத்தையும் (மீன்பிடி படகு), அதில் துப்பாக்கி பிடித்த நண்டையும் வரைந்து, கீழே இப்படி எழுதியிருந்தான்: ‘அண்ணா, அங்கே ஐஸ் சும்மா கிடக்கிறதாமே. இங்கே மீனுக்கு ஐஸ் வைக்க அப்பா காசு கொடுக்கிறார். வரும்போது ஒரு கட்டி கொண்டு வாருங்கள்.’

உயிரைப் பணயம் வைத்து நிற்பவர்களிடம் விளையாட்டா என்று அதை மேசைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் மனம் ஆறவில்லை. கச்சான் என்னும் மேல்காற்றில் படகுகள் கரைக்கு வரத் தாமதமாகும் இரவுகளில், காத்திருக்கும் பெண்களிடம் என் அப்பா வாய் ஓயாமல் வேடிக்கை பேசுவார். யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. அது நினைவுக்கு வந்ததும் அட்டையை எடுத்துக் கட்டோடு சேர்த்தேன்.

ஆகஸ்டில் ஒரே ஒரு பதில் வந்தது, அந்தப் பையன் பெயருக்கு. ‘தம்பி, பதுங்குகுழியில் எட்டுப் பேர். தமிழ் தெரிந்தவன் நான் மட்டும்தான். உன் அட்டையை இந்தியில் சொல்லிக் காட்டினேன். பல நாளைக்குப் பிறகு எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஐஸ் பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் உருகிவிடும். நீ மீனை அனுப்பு, இங்கே கெடாது.’

நான் எழுதிக் கொடுத்த வணக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

முன்னாள் ராணுவத்தினர், பரமக்குடி:
டீச்சர், படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எல்லையில் இருப்பவனுக்கு 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்தான் முகவரி. எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று வீட்டுக்குத் தெரியாது. ‘அந்த ஊருக்கு இங்கிருந்து பஸ் உண்டா?’ என்று என் அம்மா கேட்டு எழுதியிருந்தார். அந்த வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு குளிர்காலத்தைக் கடந்தேன். புகழ்ந்து எழுதிய கடிதங்களும் வந்தன. அவற்றை மரியாதையோடு மடித்து வைத்துவிடுவோம். சிரிக்க வைத்த கடிதம்தான் கை மாறிக் கை மாறிக் கிழியும்.

தேவிபட்டினம் வாசகர்:
என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் எகிப்தில் இருந்தவர். அவர் பாட்டிக்கு அனுப்பிய அட்டை ஒன்று எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. ஓரத்தில் தணிக்கை முத்திரை. நடுவில் பென்சிலால் ஓர் ஒட்டகம். ‘நம் கொல்லைப் பனைக்குக் கால் முளைத்து இங்கே வந்துவிட்டது. நுங்குதான் காய்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரிடம் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம்.