அடிப்படை ஆங்கிலத்துக்கு ஹெமிங்வேயா?

சிவப்புப்பேனா:
பல்கலைக்கழக முதலாண்டு அடிப்படை ஆங்கிலத்துக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளைப்பலகை நேற்று அளித்த பதில்: "ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் வையுங்கள். சின்ன வாக்கியம், சின்னப் புத்தகம். எளிமைப்படுத்திய பதிப்புகள் குழந்தைகளுக்கு." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வாக்கியம் சின்னதாக இருந்தால் போதுமா? முதல் பக்கத்திலேயே படகு, பாய்மரம், எறியீட்டி, கொக்கி, சுருட்டிய தூண்டில் கயிறு என்று மீன்பிடிச் சாமான்கள் வரிசை கட்டுகின்றன. நடுவில் ஸ்பானியச் சொல் வேறு. துணையில்லாமல் வாசிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். 2000-இல் ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வில் சொன்னது.

வெள்ளைப்பலகை:
வந்துவிட்டது 98! அந்த ஆய்வைப் படித்தீர்களா, இல்லை ஏதோ பயிலரங்கில் திரையில் பார்த்ததா? அவர்கள் மாணவர்களுக்குக் கொடுத்த பிரதிகளில் தெரிந்த சொற்கள் 80, 90, 95, 100 சதவீதம். 98 என்று ஒரு பிரதியே கிடையாது. ஒரே கதை, 66 பேர். மிச்சம் ஊகம்.

சிவப்புப்பேனா:
ஊகம் இல்லை சார், கணிப்பு. 95-இல் பெரும்பாலோருக்குப் போதிய அளவு புரியவில்லை, 100-இல் பெரும்பாலோருக்குப் புரிந்தது. கோடு நடுவில்தானே விழும்? நேஷனே 2006-இல் இன்னொரு கணக்கும் போட்டார். நாவலையும் நாளிதழையும் அந்த 98 அளவுக்கு வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிய வேண்டுமாம். அடிப்படை வகுப்பில் ஆயிரம் தெரிந்தவர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நூலகப்பூனை:
ஒரு நிமிடம். 'அடிப்படை' என்று யாரைச் சொல்கிறீர்கள்? பள்ளி முழுக்க ஆங்கிலம் படித்தும் ஒரு பத்தி வாசிக்கத் திணறுபவரையா, எழுத்துக்கூட்டவே புதிதாகக் கற்பவரையா? இரண்டுக்கும் ஒரே புத்தகம் சரிவராதே.

வெள்ளைப்பலகை:
அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்த 98. 2011-இல் ஷ்மிட், ஜியாங், கிரேப் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது 90-இலிருந்து 100 வரை புரிதல் சீராக ஏறியது, அவ்வளவுதான். 98-இல் எந்த அதிசயமும் நடக்கவில்லை.

சிவப்புப்பேனா:
அதே கட்டுரை, கல்வி சார்ந்த நூல்களுக்கு 98 நியாயமான இலக்கு என்றும் சொல்கிறது. அந்த வரி வந்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்களோ?

பின்பெஞ்ச்:
நான் மாணவன். எங்களுக்கு எளிமைப்படுத்திய கதைத் தொகுப்புதான். எல்லாரும் 'போனார்', 'வந்தார்', 'சந்தோஷப்பட்டார்'. கொலை நடந்த வீட்டிலும் 'அவர் மிகவும் வருத்தமாக இருந்தார்'. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கவே கூச்சமாக இருக்கும். கடைசியில் எல்லாரும் உரைநூலை மனப்பாடம் செய்து தேறினோம்.

வெள்ளைப்பலகை:
கேட்டுக்கொள்ளுங்கள், சிவப்புப்பேனா. அந்த மாதிரித் தொகுப்பை வைத்த குழுவில் இருந்தவர் யார், அதற்கு உரைநூல் எழுதி விற்றவர் யார் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை.

சிவப்புப்பேனா:
கேளுங்களேன்! உரைநூல் எழுதினேன், ஆமாம். நீங்கள் வைத்த நாவலுக்கு உங்கள் துறையே கதைச்சுருக்கம் நகலெடுத்துக் கொடுத்ததே, அது என்ன இலக்கியச் சேவையா? நாவலை ஒருவரும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? 98.

தம்பி பின்பெஞ்ச், உங்களுக்குக் கிடைத்தது மோசமான தொகுப்பு. நல்ல தரநிலை நூல்களில், அதாவது வாசகரின் நிலைக்கேற்பச் சொற்களைக் கட்டுப்படுத்தி எழுதியவற்றில், மர்மக்கதையும் உண்டு, பெரியவர்களுக்கான கதையும் உண்டு. சொல் குறைவு என்பதால் கதையும் குறைய வேண்டியதில்லை.

பின்பெஞ்ச்:
அப்படியென்றால் அதை ஏன் வைக்கவில்லை?

சிவப்புப்பேனா:
அது குழு முடிவு. இப்போது பேச்சு அதுவல்ல.

நூலகப்பூனை:
ஒரே நூலை எல்லாருக்கும் வைப்பதற்குப் பதில், பல நிலைகளில் நூல்களை அடுக்கிவைத்து அவரவரே எடுத்து வாசிக்கச் சொல்லலாமே?

வெள்ளைப்பலகை:
பரீட்சைக் கேள்வித்தாள் யார் தயாரிப்பது? பூனையா?

நூலகப்பூனை:
புனைபெயரைக் கிண்டல் செய்யாமல் பேச வராதா? பலகை வெள்ளையாக இருந்தால் போதாது, அதில் ஏதாவது எழுதவும் வேண்டும்.

சிவப்புப்பேனா:
நீங்கள் இருவரும் தனியாக முட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப்பலகைக்கு ஒரே கேள்வி. 98 இல்லையென்றால் எத்தனை?

வெள்ளைப்பலகை:
95. மிச்சத்துக்கு ஆசிரியர் எதற்கு இருக்கிறார்?

சிவப்புப்பேனா:
95 என்பது லாஃபர் என்ற ஆய்வாளர் 1989-இல் சொன்னது. அதில் 'புரிந்தது' என்று ஏற்றுக்கொண்டது நூற்றுக்கு 55 மதிப்பெண்ணை. உங்களுக்கு 55 போதுமா?

வெள்ளைப்பலகை:
தேர்ச்சிக்கு என்ன குறைச்சல்? உங்கள் உரைநூலை மனப்பாடம் செய்தவர்கள் அதையாவது எடுத்தார்களா?

சிவப்புப்பேனா:
மறுபடி உரைநூலா! சரி, அந்த நாவலின் முதல் பக்கத்தை நாளை உங்கள் வகுப்பில் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். எண்ணுவது என் வேலை.

வெள்ளைப்பலகை:
உங்கள் வகுப்பில் முதலில் செய்யுங்கள்.